நீராவி கற்ற ஓடாவி

அர்தசீர் குர்செட்ஜி வாடியா (1808–1877) பம்பாயில் மரக்கப்பல் கட்டிவந்த பார்சிக் குடும்பத்தில் பிறந்து, நீராவி இயந்திரத்தின் பக்கம் திரும்பிய கப்பல் பொறியாளர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்கு 1841 முதல் 1857 வரை தலைமைப் பொறியாளராக இருந்தார். இலண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரே. பிற்காலப் புத்தகங்கள் இந்தக் கடைசிச் செய்தியோடு நின்றுவிடுகின்றன. கையால் மரம் இழைத்த ஒரு குடும்பத்துக்காரர் கொதிகலனையும் பிஸ்டனையும் எப்படிக் கற்றார், கற்றதைத் தம் ஊர்க் கைகளுக்கு எப்படி மாற்றிக்கொடுத்தார் என்பதுதான் அவர் வாழ்க்கையின் கனமான பகுதி.

வாடியாக்களின் பூர்வீகம் சூரத். அங்கே கப்பல் தச்சு வேலை பார்த்துவந்த லௌஜி நசர்வான்ஜியின் கைத்திறனைக் கண்ட கம்பெனி அதிகாரிகள், 1736-ஆம் ஆண்டுவாக்கில் அவரைப் பம்பாய்க்கு வரவழைத்தனர். அப்போது பம்பாயில் சொல்லிக்கொள்ளும்படியான கப்பல் துறை கிடையாது. 1750-ல் அங்கே உலர்துறை கட்டப்பட்டது; ஆசியாவிலேயே அதுதான் முதலாவது என்பார்கள். கப்பலை உள்ளே விட்டு, கதவை அடைத்து, தண்ணீரை இறைத்து வெளியேற்றிவிட்டால், அடிமரம் வரை உலர்ந்த தரையில் நின்று பழுது பார்க்கலாம். மலபார்க் காடுகளிலிருந்து வந்த தேக்கு, வாடியாக்களின் உளி, கம்பெனியின் பணம் மூன்றும் சேர்ந்ததில் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துறையிலிருந்து கப்பல்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. பிரிட்டிஷ் கடற்படைக்காக அங்கே கட்டப்பட்ட 'கார்ன்வாலிஸ்' என்ற கப்பலின் மேல்தளத்தில்தான் 1842-ல் சீனாவுடனான நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. 1817-ல் இறங்கிய 'டிரிங்கோமலி', திருகோணமலையின் பெயரைத் தாங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூல் நகரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஓக் மரக் கப்பல்கள் அரித்துப் போன இடத்தில் தேக்குக் கப்பல் இருநூறு ஆண்டு தாங்கியிருக்கிறது.

தலைமைக் கப்பல் கட்டுநர் பதவி அந்தக் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. தமிழ்க் கடற்கரையில் ஓடாவி எனப்படும் கப்பல் தச்சர் குடும்பங்களைப் போலவே தொழில் வீட்டோடு வந்தது: பையன் சிறுவயதிலேயே துறைக்குப் போவான், மரம் பிளப்பதைப் பார்ப்பான், தளத்தில் முழு அளவில் வரையப்பட்ட கோடுகளைக் கொண்டு விலாச் சட்டங்களுக்கு அச்சு எடுக்கப் பழகுவான். பாடநூல் கிடையாது. பெரியவர் எந்த மரத்தை ஒதுக்குகிறார், ஏன் ஒதுக்குகிறார் என்பதைப் பார்த்துப் பார்த்தே கற்க வேண்டும். அர்தசீரும் 1822-ல், பதினான்கு வயதில், இப்படித்தான் துறைக்குள் நுழைந்தார். ஆனால் அவர் தலையெடுத்த காலத்தில் கப்பலின் வயிற்றுக்குள் புதியதொரு சமாச்சாரம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது.

இந்தியக் கடலில் நீராவி மெல்லத்தான் வந்தது. 1823-ல் கல்கத்தாவில் 'டயானா' என்ற சிறு நீராவிப் படகு இறங்கி, மறு ஆண்டு பர்மாப் போரில் ஐராவதி ஆற்றில் வேலை செய்தது. 1825-ல் 'என்டர்பிரைஸ்' இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வரை வந்து சேர்ந்தது. வழியில் பல நாள் பாயை விரித்தே வந்தது என்பதால், எதிர்பார்த்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். பம்பாயின் கணக்கு வேறு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றாமல் செங்கடல் வழியாகச் சூயஸுக்குத் தபாலைக் கொண்டுசேர்த்துவிட்டால், மாதக்கணக்கில் மிச்சம் பிடிக்கலாம். அதற்காகப் பம்பாயில் வாடியாக்கள் கட்டி 1829-ல் இறக்கிய 411 டன் கப்பல்தான் 'ஹியூ லிண்ட்சே'. 1830 மார்ச் 20 அன்று அது புறப்பட்டது. சில நாள் நிலக்கரிக்கென்று அளவெடுத்துக் கட்டிய கப்பலில், கிடைத்த இடத்திலெல்லாம் கரியை அடைத்து ஏற்றினார்கள். பதினொரு நாளில் ஏடன் போய்ச் சேர்ந்தபோது கரி ஏறக்குறைய தீர்ந்திருந்தது. சூயஸை அடைய மொத்தம் 32 நாள். வழியில் கரி ஏற்றக் காத்துக் கிடந்ததும் அதில் அடக்கம்.

அந்தக் கப்பலின் உடல் பம்பாய்த் தேக்கு. இயந்திரமோ இலண்டன் மாட்ஸ்லே பட்டறையில் செய்தது. இந்தப் பிரிவினை அன்றைக்கு எல்லாக் கப்பலுக்கும் பொருந்தியது. இயந்திரத்தோடு அதை ஓட்டும் ஆட்களும் இங்கிலாந்திலிருந்தே வந்தார்கள். அவர்களுக்குப் பெரிய சம்பளம். வெப்பத்தாலும் நோயாலும் பலர் நெடுநாள் நிலைக்கவில்லை. பிரிட்டனிலும் கப்பல் பொறியாளருக்கு அப்போது திட்டவட்டமான இடம் இல்லை. இயந்திரம் செய்த பட்டறையே அதைக் கவனிக்க ஓர் ஆளையும் அனுப்பிவைப்பது வழக்கம். பிரிட்டிஷ் கடற்படை 1837-ல்தான் பொறியாளருக்கு முறையான பதவி வரிசை வகுத்தது. 1847 வரை அவர்களில் மூத்தவர்களுக்குக்கூட அதிகாரி ஆணை கிடைக்கவில்லை. வணிகக் கப்பல் பொறியாளர் தேர்வெழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும் என்ற பிரிட்டிஷ் சட்டம் 1862-ல் வந்தது. மேல்தளத்தில் நிற்கும் மாலுமிக்குக் கௌரவம், கீழே கரிப்புகையில் நிற்பவன் கொல்லன் என்ற எண்ணம் ஆழமாக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஓர் இந்தியர் இயந்திரத்தின் பக்கம் போனார் என்பதை நினைவில் வைத்தே மேலே படிக்க வேண்டும்.

அர்தசீரின் முதல் இயந்திரம் வெறும் ஒரு குதிரைத்திறன் கொண்டது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துத் தோட்டத்து நீரூற்றுக்குக் கொடுப்பதே அதன் வேலை. செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. சிலிண்டரை உருட்டுப் பிசகாமல் குடைவது, பிஸ்டன் நீராவி கசியாமல் அதற்குள் ஏறி இறங்கும்படி பொருத்துவது, வால்வை உரிய கணத்தில் திறந்து மூடுவது எல்லாமே இரும்பில் இழையளவு துல்லியம் கேட்கும் காரியங்கள். மரத்தில் ஒரு நூல் பிசகினால் ஆப்பு அடித்துச் சரிக்கட்டலாம். சிலிண்டரில் அந்தச் சலுகை கிடையாது. தச்சர் குடும்பத்துப் பையன் இதைத் தம் வீட்டு வார்ப்படச் சாலையில் ஒவ்வொன்றாகச் செய்து பழகினார். கூட நின்றவர்களும் பழகினார்கள்.

1833-ல், இருபத்தைந்து வயதில், துணைக் கட்டுநராக இருந்த அவர் 'இண்டஸ்' என்ற 60 டன் கப்பலைக் கட்டி இறக்கினார். அதில் 10 குதிரைத்திறன் இயந்திரம் பொருத்தப்பட்டது. மறு ஆண்டு மசகானில் இருந்த தம் பங்களாவுக்கும் தோட்டத்துக்கும் நிலக்கரி வாயு விளக்கு ஏற்றினார். ஆளுநர் கிளேர் பிரபு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு அது ஊர்ப் பேச்சாயிற்று. பம்பாய்த் தெருக்களுக்கு வாயு விளக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. வாயுவைக் காய்ச்சி எடுக்கும் கலம், கழுவும் தொட்டி, சேமிக்கும் தொட்டி, குழாய் என்று முழு அமைப்பையும் உள்ளூர்த் தொழிலாளிகளை மட்டும் வைத்து நிறுவினார் என்பது பின்னர் ராயல் சொசைட்டிக்கு அவரைப் பரிந்துரைத்த சான்றிதழிலும் இடம்பெற்றது. பரிந்துரைத்தவர்கள் அதை வியப்போடு குறித்தார்கள். அவரைப் பொறுத்தவரை அது வியப்பல்ல, வேலைமுறை. வெளியாளைக் கூலிக்கு வைத்து முடிப்பதைவிட உள்ளூர் ஆளைப் பழக்கி முடிப்பது மெதுவானது. ஆனால் அடுத்த வேலைக்கு ஆள் தயாராக இருப்பார். எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தோடு சேர்ந்து இயந்திரவியலும் வேதியியலும் தம் ஊரார்க்குச் சொல்லிக்கொடுக்கும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். 1837-ல் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி அவரை வெளியூர் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவும் செய்த பிறகும், பெரிய கப்பல் இயந்திரங்கள் உருவாகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் மேலே போக முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1839 செப்டம்பரில் 'பெரனீஸ்' என்ற கம்பெனி நீராவிக் கப்பலில் பம்பாயை விட்டுப் புறப்பட்டார். செங்கடல் வரை கப்பல், பிறகு எகிப்தின் தரைவழி, மீண்டும் கடல் என்று இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் கம்பெனி ஏடனைப் பிடித்திருந்தது. பிடித்ததற்கு முதற்காரணங்களில் ஒன்று நிலக்கரிக் கிடங்கு. அவருடைய உறவினர்களான ஜெஹாங்கிர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும் ஏற்கெனவே இங்கிலாந்தில் கப்பல் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனது கப்பலின் உடலைக் கற்க. அர்தசீர் போனது அதன் உயிரைக் கற்க.

இலண்டன் லைம்ஹவுஸில் இருந்த சீவர்டு பட்டறையில் அவர் சேர்ந்தார். சீவர்டு அந்தக் காலத்தில் புதுமைக்குப் பெயர் எடுத்த நிறுவனம். பழைய கப்பல் இயந்திரங்களில் பிஸ்டனின் அசைவு பக்கவாட்டில் இருந்த பெரிய நெம்புகோல்கள் வழியாகச் சுற்றித்தான் துடுப்புச் சக்கரத்தின் அச்சுக்குப் போகும். எடையும் இடமும் மிகுதி. சீவர்டு அந்த நெம்புகோலை நீக்கி, சிலிண்டரை அச்சுக்கு நேர் கீழே நிறுத்தி, நேரடியாகச் சுழற்றும் அமைப்பை 'கார்கன்' என்ற போர்க்கப்பலில் பொருத்தியிருந்தது. எடை குறைந்தால் அந்த அளவு நிலக்கரி கூடுதலாக ஏற்றலாம். ஏடன் வரை கரி போதாமல் தவித்த பம்பாய்க்காரருக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும். பயணத்தையும் இங்கிலாந்தில் கழித்த ஓராண்டையும் பற்றிய அவருடைய நாட்குறிப்பு 1840-லேயே இலண்டனில் அச்சேறியது.

இங்கிலாந்தில் இருக்கும்போதே கம்பெனியின் இயக்குநர்கள் அவரைப் பம்பாய் நீராவித் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளராகவும் இயந்திர ஆய்வாளராகவும் நியமிக்க முடிவு செய்தனர். ஊர் திரும்பிய அவர் 1841 ஏப்ரல் 1 அன்று பொறுப்பேற்றார். மாதச் சம்பளம் 600 ரூபாய். ஏறத்தாழ எட்டு வாரம் கழித்து, மே 27 அன்று, ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்த நேரத்தில் அவர் பம்பாய்ப் பட்டறையில் இருந்தார். விஞ்ஞானக் கோட்பாடு எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அப்போது ராயல் சொசைட்டியும் கண்டுபிடிப்பை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. கப்பல் கட்டும் கலையில் தேர்ச்சி, வாயு விளக்கு, நீராவி பொருத்திய 60 டன் கப்பல் ஆகியவையே சான்றிதழில் சொல்லப்பட்ட தகுதிகள்.

நீராவித் தொழிற்சாலையில் அவருக்குக் கீழே ஒரு தலைமை உதவியாளர், நான்கு ஐரோப்பிய மேஸ்திரிகள், நூறு ஐரோப்பியப் பொறியாளர்களும் பாய்லர் தொழிலாளிகளும், இருநூறு அளவில் இந்தியத் தொழிலாளிகள் இருந்தார்கள். ஓர் இந்தியரின் கட்டளைக்குக் கீழ் இத்தனை ஐரோப்பியர் வேலை செய்வது கம்பெனி ஆட்சியில் அதற்குமுன் கண்டிராத ஏற்பாடு. எதிர்ப்பு உடனே கிளம்பியது. எவ்வளவு திறமையும் படிப்பும் இருந்தாலும் ஆங்கிலத் தொழிலாளிகளை மேய்க்க ஓர் இந்தியரால் ஆகுமா என்று பம்பாயின் ஆங்கிலப் பத்திரிகை ஐயம் எழுப்பியது. இயந்திரம் தெரியுமா என்று கேட்டிருந்தால் பட்டறையிலேயே காட்டியிருப்பார். எழுப்பிய ஐயம் தோலைப் பற்றியது. அதற்கு விடை அவர் அந்த நாற்காலியில் பதினாறு ஆண்டுகள் இருந்ததுதான்.

அந்தத் தொழிற்சாலையின் வேலை பெரும்பாலும் பழுது பார்ப்பது. அந்தக் காலக் கப்பல் பாய்லர் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்த பெட்டி. நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு மட்டுமே. இன்றைய பாய்லர்களோடு ஒப்பிட்டால் ஊதிய பை போன்றது. ஆனால் அதில் காய்ச்சியது கடல் தண்ணீர். கொதிக்கக் கொதிக்க உப்பு ஏறும்; ஏறிய உப்பு தகட்டின் உட்புறத்தில் பாறைபோலப் படியும். படிவு தடித்த இடத்தில் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் தகடு பழுத்துச் சிவந்து தொங்கிவிடும். ஆகவே ஓடும்போதே அடிக்கடி அடிவால்வைத் திறந்து உப்புத் தண்ணீரின் ஒரு பகுதியைக் கடலில் தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்க வேண்டும். அப்படித் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டை உண்டாக்கிய கரியும் வீண். அதிகம் தள்ளினால் கரி போய்விடும், குறைவாகத் தள்ளினால் பாய்லர் போய்விடும். எது அளவு என்பதைத் தீர்மானிப்பதில்தான் பொறியாளரின் மதிப்பு இருந்தது. துறைமுகம் சேர்ந்ததும் பாய்லருக்குள் ஆள் இறங்கிச் சுத்தியலால் உப்பைக் கொத்தி எடுக்க வேண்டும். இவ்வளவு கவனித்தாலும் சில ஆண்டுகளில் தகடு தேய்ந்து புதிய பாய்லர் கேட்கும். செங்கடல் தபால் கப்பல்கள், பாரசீக வளைகுடாக் கப்பல்கள், சிந்து நதிப் படகுகள் என்று கம்பெனியின் மேற்குக் கடற்கரை நீராவிக் கூட்டம் முழுதும் இந்தப் பழுதோடு பம்பாய்க்குத்தான் வந்து நின்றது.

பழுது பார்க்கும் பட்டறையைவிடச் சிறந்த பள்ளி இயந்திரத் தொழிலுக்கு இல்லை. புதிதாக இயந்திரம் செய்யும் இடத்தில் அது எப்படி ஓட வேண்டும் என்பது தெரியும். பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான் அது எங்கே தேயும், ஏன் முறியும் என்பது தெரியும். அக்காலப் பட்டறை ஒழுங்கில் பயிலுநர் முதலில் உளியும் சுத்தியும் அரமும் பிடிப்பார். ஓர் இரும்புக் கட்டியைக் கையால் அராவிச் சமதளமாக்குவதிலேயே மாதங்கள் போகும். பிறகு மரத்தில் வார்ப்பு அச்சு செய்வது, மணலில் குழி பறித்து இரும்பு ஊற்றுவது, கடைசல், பாய்லர் பட்டறை. பேரிங்குக்குச் சாயம் தடவி, அச்சுத் தண்டை அதில் உட்கார வைத்துச் சுழற்றி, சாயம் ஒட்டிய மேட்டைச் சுரண்டி, மீண்டும் வைத்துப் பார்ப்பது கடைசி வரை ஓயாத வேலை. தேர்ந்தவர் கப்பலோடு கடலுக்குப் போவார். இந்த ஏணியில் உள்ளூர் ஆள் எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதற்குத் தலைமைப் பொறியாளரே அளவுகோலாக நின்றார். தச்சரும் கொல்லரும் நிறைந்த பம்பாய்க்கு இரும்பு வேலைக்கான கை புதிதல்ல. அந்தக் கைக்கு வரைபடம் படிக்கவும் அழுத்தம் கணக்கிடவும் வழிகாட்டியதே புதிது.

1849-ல் அவர் அமெரிக்கா சென்றார். அந்த நாட்டைப் பார்த்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர். பிரிட்டனில் இன்னும் கையால் அறுத்துக்கொண்டிருந்த மரவேலைகளை அமெரிக்கர்கள் இயந்திரத்தால் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மரம் மலிவு, கூலி அதிகம் என்பதால் வந்த பழக்கம் அது. ஓடாவிக் குடும்பத்துக்காரரின் கண் அங்கேதான் போயிற்று. மரம் அறுக்கும் இயந்திரங்களை வாங்கிப் பம்பாய்க்கு அனுப்பினார்.

1851 பிப்ரவரியில் இறங்கிய 'லௌஜி ஃபேமிலி' என்ற நீராவிக் கப்பல் அவருடைய தொழில் வாழ்க்கையின் உச்சம் எனலாம். முப்பாட்டன் காலத்துத் தச்சர் லௌஜியின் பெயரை இயந்திரக் கப்பலுக்குச் சூட்டினார். அதன் பாகங்கள் முழுதும் அவருடைய சொந்த வார்ப்படச் சாலையில், பம்பாயில் செய்யப்பட்டவை. 'ஹியூ லிண்ட்சே' காலத்தில் உடல் இங்கே, இயந்திரம் அங்கே என்று இருந்த நிலை இருபத்திரண்டு ஆண்டில் மாறிவிட்டது என்பதற்கு அந்தக் கப்பல் சான்று. ஒரு தனிமனிதர் தம் செலவில் செய்து காட்டினார் என்பதில் பெருமையோடு ஒரு குறையும் இருக்கிறது. கம்பெனி அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்துப் பட்டறைகளிலிருந்து இயந்திரம் வரவழைப்பதே அதற்கு வசதியாக இருந்தது.

பம்பாய்க்குத் தையல் இயந்திரம், புகைப்படக் கலை, மின்முலாம் பூசுதல் ஆகியவற்றை அறிமுகப்படுத்தியவர் என்றும் அவரைச் சொல்வதுண்டு. புதிய கருவி எதுவாயினும் வாங்கிப் பிரித்துப் பார்ப்பவரைப் பற்றி இப்படிப் பட்டியல் நீள்வது இயல்பு. 1855-ல் அமைதி நீதிபதியாக நியமிக்கப்பட்டார். பார்சி சமூகத்தில் அவருக்குக் குடும்பம் இருந்தது. இங்கிலாந்தில் மரியன் பார்பர் என்ற ஆங்கிலப் பெண்ணோடும் இல்லறம் நடத்தினார். ஊரில் இது எளிதாகச் செரிக்கப்பட்ட செய்தியாக இருந்திருக்காது.

1857 ஆகஸ்ட் 1 அன்று பணி ஓய்வு பெற்று, மறு ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவர் விட்டுச்சென்ற உலகமும் அதே வேகத்தில் மாறியது. 1854-லேயே பம்பாயின் செங்கடல் தபாலை பி அண்ட் ஓ கம்பெனி எடுத்துக்கொண்டிருந்தது. 1858-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்தது. 1863-ல் அதன் இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டது. அர்தசீர் இன்னொரு முறை வேலைக்குத் திரும்பினார். 1861-ல் கராச்சியிலிருந்து கோட்ரி வரை ரயில் பாதை திறந்தது. கோட்ரிக்கு மேலே முல்தான் வரை பாதை இல்லை. சரக்கும் ஆளும் சிந்து நதியில் நீராவிப் படகில்தான் போக வேண்டும். அந்தப் படகுக் கூட்டத்துக்கு மேற்பார்வைப் பொறியாளராகக் கோட்ரியில் 1863 வரை இருந்தார். ஆழம் நாளுக்கு நாள் மாறும், மணல்மேடு இரவோடு இரவாக இடம்பெயரும் நதி அது. கடல் கப்பலின் இலக்கணம் அங்கே செல்லாது. தட்டையான அடிப்பாகமும் வலுவான இயந்திரமும் வேண்டும். 1878-ல் ரயில் பாதை இணைந்ததும் அந்தப் படகுகளின் காலம் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1877 நவம்பர் 16 அன்று, அர்தசீர் இங்கிலாந்தின் ரிச்மண்டில் காலமானார். வயது 69.

அவருக்குப் பின் வந்த அரை நூற்றாண்டில் பெருங்கடல் கப்பல்களின் இயந்திர அறையில் இந்தியர் நிறைந்திருந்தனர், ஆனால் அடித்தட்டில். சில்ஹெட், பஞ்சாப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் தீயிடுபவராகவும் கரி அள்ளுபவராகவும் எண்ணெய் விடுபவராகவும் வேலை பார்த்தார்கள். கப்பல் வழக்கில் அவர்கள் ஆக்வாலா, கோய்லாவாலா, தேல்வாலா. அவர்களுக்குத் தலைவர் சாரங்கு. சாரங்குக்கு மேலே இருந்த பொறியாளர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர்களும் ஆங்கிலேயர்களும். முதல் உலகப் போரில் இறந்த, லாஸ்கர்கள் எனப்பட்ட வங்காள, அசாம் மாலுமிகள் 896 பேருக்குக் கல்கத்தாவில் 1924-ல் நினைவுக் கோபுரம் எழுந்தது. 1841-ல் நூறு ஐரோப்பியருக்குத் தலைவராக ஓர் இந்தியரை வைத்த ஏற்பாடு, பேரரசு வலுத்த காலத்தில் தொடராமல் போனது.

அதிகாரிப் பயிற்சியின் கதவு 1927-ல் பம்பாய்த் துறைமுகத்தில் நங்கூரமிட்ட 'டஃப்ரின்' பயிற்சிக் கப்பலோடு திறந்தது. முதலில் மேல்தள மாணவர்களுக்கு மட்டும். பின்னர் பொறியியல் பிரிவும் சேர்ந்தது. விடுதலைக்குப் பின் 1949-ல் கப்பல் பொறியாளர் பயிற்சிக்கென்றே கல்கத்தாவிலும் பம்பாயிலும் அரசுப் பயிற்சியகம் தொடங்கியது. தொழில் வட்டாரத்தில் அதற்கு டி.எம்.இ.டி. என்றே பெயர். ஆரம்பகாலத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளில் முதல் மூன்று, கப்பல் பழுது பார்க்கும் பட்டறைகளில் கழிந்தன: அரம், உளி, கடைசல், பாய்லர். வகுப்பறை அதன் பிறகுதான் முழுநேரமாயிற்று. இன்றும் இந்திய மாலுமிகள் தலைமைப் பொறியாளரை 'படா சாப்' என்று அழைப்பதுண்டு. மூன்றாம், நான்காம் பொறியாளர்கள் 'தீன் சாப்', 'சார் சாப்'. கடலுக்கு முதன்முறை வரும் இளைஞருக்கு எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று காட்டிக்கொடுப்பது இந்த வரிசைதான். அந்தப் பயிற்சியகத்தின் கல்கத்தாப் பிரிவு இப்போது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-ல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் கல்கத்தா வளாகம்.

அர்தசீரின் பெயர் பொது நினைவிலிருந்து மறைந்ததற்கு அவர் கடைசிக் காலத்தை வெளிநாட்டில் கழித்ததும் ஒரு காரணம். மரக்கப்பல் கட்டிய வாடியாக்களின் கப்பல்கள் போர்களில் பெயர் வாங்கின. பழுது பார்த்த பாய்லருக்கு வரலாற்றில் இடம் கிடைப்பதில்லை. 1918-ல் சீனிவாச ராமானுஜன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவரே முதல் இந்தியர் என்று பலரும் எழுதினார்கள். இன்றும் சில தமிழ்ப் பாடப் புத்தகங்களிலும் மேடைகளிலும் அப்படியே கேட்கலாம். உண்மையில் அவர் இரண்டாமவர். இருவருக்கும் இடையே 77 ஆண்டுகள். 1912-ல் ராமானுஜன் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்த இடமும் ஒரு துறைமுகம்தான், சென்னைத் துறைமுகக் கழகம். கணித மேதையின் பெயர் ஊரெங்கும் தெரிய, துறைமுகப் பொறியாளரின் பெயர் தெரியாமல் போனதில் வியப்பில்லை: தேற்றத்தை எத்தனை ஆண்டு கழித்தும் தாளில் படிக்கலாம், சரியாகப் பொருத்தப்பட்ட பேரிங்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

விடுதலைக்குப் பின் உள்நாட்டிலேயே கப்பல் கட்டும் பேச்சு மீண்டும் எழுந்த காலத்தில் வாடியாக்களின் வரலாறும் தூசு தட்டப்பட்டது. பம்பாய்க் கப்பல் துறையையும் அந்தக் குடும்பத்தையும் பற்றி ருட்டன்ஜி அர்தசீர் வாடியா எழுதிய விரிவான நூல் 1950-களில் வந்தது. ராயல் சொசைட்டித் தேர்வு நடந்த அதே மே 27 அன்று, 1969-ல், இந்திய அஞ்சல் துறை அர்தசீர் குர்செட்ஜியின் உருவத்தோடு தபால்தலை வெளியிட்டது.